உள்ளான்களை இனங்காண்பது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரி மாதக் காலை. கல்லூரி மாணவர்கள் பன்னிரண்டு பேருடன் கோடியக்கரைக்குப் போயிருந்தேன். வேதாரண்யத்தைத் தாண்டிச் சென்றால் சாலையோரம் உப்பளங்கள். அவற்றை அடுத்த ஆழமில்லாத நீரிலும் சேற்றிலும் நூற்றுக்கணக்கான சிறு பறவைகள் குனிந்து குனிந்து இரை தேடிக்கொண்டிருந்தன. மேலே சாம்பல் பழுப்பு, கீழே வெள்ளை. பார்த்த அளவில் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போலத் தோன்றின.

எனக்குப் பறவைகளைப் பார்க்கும் பழக்கம் பல ஆண்டுகளாக உண்டு. அந்தத் துணிச்சலில், "இவையெல்லாம் கொசு உள்ளான்கள். எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்" என்று மாணவர்களிடம் சொல்லிவிட்டு, என் குறிப்பேட்டில் 'கொசு உள்ளான், சுமார் 300' என்று எழுதினேன். பைனாகுலரை வெகுநேரமாகக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவி தயங்கியபடி கேட்டாள்: "சார், எல்லாத்துக்கும் மூக்கு நேரா இல்லையே. பின்னாடி நிக்கிற சிலதுக்கு நீளமா, கீழே வளைஞ்சிருக்கே?"

வாங்கிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. பின்வரிசையில் நின்றவை வளைமூக்கு உள்ளான்கள். மீண்டும் ஒவ்வொன்றாக எண்ணியதில், நான் கொசு உள்ளான் என்று எழுதியவற்றில் நாற்பதுக்கும் மேற்பட்டவை வேறோர் இனம் என்று தெரிந்தது.

இயற்பியல் ஆசிரியனான நான் ஏன் ஏமாந்தேன்? அதை யோசித்தபோது, உள்ளான்களை இனங்காணும் வழியும் அதிலேயே அடங்கியிருப்பது புரிந்தது. அதைத்தான் இக்கட்டுரையில் காணப் போகிறோம்.

யார் இந்த விருந்தினர்?

நம் ஊர் ஏரி, குளம், நெல்வயல், கழிமுகம், உப்பளம் ஆகியவற்றின் சேற்றில் நடந்து இரை தேடும் சிறு பறவைகளில் பெரும்பாலானவை உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் ஆகும். ஆங்கிலத்தில் முன்னவற்றைச் சாண்ட்பைப்பர் என்றும் பின்னவற்றைப் பிளவர் என்றும் கூறுவர். இவற்றில் பல வலசைப் பறவைகள். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் வடக்கேயிருந்து வந்து, ஏப்ரல், மே மாதங்களில் திரும்பிவிடுகின்றன.

கொசு உள்ளானின் உடல் நீளம் ஏறத்தாழ 13 சென்டிமீட்டர்தான். சிட்டுக்குருவியைவிடச் சிறியது, எடை 20 முதல் 30 கிராம் வரை இருக்கும். வளைமூக்கு உள்ளானின் நீளம் 20 சென்டிமீட்டர் அளவு. இரண்டும் ஆர்க்டிக் பகுதியின் மரமற்ற சமவெளியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பவை. சைபீரியாவின் வட கோடியில் பிறந்த ஒரு பறவை, பிறந்த சில மாதங்களிலேயே பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து நம் உப்பளத்தை வந்தடைகிறது.

அளவு ஏமாற்றும்

"ஒன்று 13 சென்டிமீட்டர், மற்றொன்று 20 சென்டிமீட்டர் என்றால் பார்த்தவுடனே தெரியாதா?" என்று நீங்கள் கேட்கலாம். தெரியாது. ஏனெனில் நம் கண் நீளத்தை நேராக அளப்பதில்லை. ஒரு பொருள் கண்ணில் எவ்வளவு கோணத்தைத் தாங்குகிறது என்பதையே அது உணர்கிறது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். பொருளின் நீளத்தை அதன் தூரத்தால் வகுத்தால், சிறிய கோணங்களுக்கு, கோணம் ரேடியனில் கிடைக்கும். கொசு உள்ளான் 40 மீட்டர் தூரத்தில் நிற்கிறது என்று கொள்வோம். 0.13-ஐ 40-ஆல் வகுத்தால் 0.00325 ரேடியன். வளைமூக்கு உள்ளான் 60 மீட்டரில் நிற்கட்டும். 0.20-ஐ 60-ஆல் வகுத்தால் 0.00333 ரேடியன். இரண்டும் ஏறத்தாழ 0.19 பாகை, முழுநிலா தாங்கும் கோணத்தில் பாதிகூட இல்லை. ஆகவே முன்னே நிற்கும் சிறியதும் பின்னே நிற்கும் பெரியதும் கண்ணுக்கு ஒரே அளவாகவே தெரியும். திறந்த சேற்றுப் பரப்பில் தூரத்தை மதிப்பிட மரமோ வீடோ இல்லை. நான் ஏமாந்தது இப்படித்தான்.

பைனாகுலர் வைத்துப் பார்த்தால் மட்டும் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடாது. எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் முன்னதையும் எட்டு மடங்கு பெரிதாக்கும்; பின்னதையும் எட்டு மடங்கு பெரிதாக்கும். அது மட்டுமன்று. அதன் வழியே காணும்போது முன்னும் பின்னும் நிற்பவை அருகருகே நிற்பன போலத் தோன்றும். அதனால் ஒரே அளவுள்ள இரு பறவைகளில் பின்னால் நிற்பது பெரியது என்று நம் மூளை தவறாகத் தீர்மானிப்பதும் உண்டு.

நிறமும் ஏமாற்றும்

அளவை விட்டு நிறத்தைப் பிடிக்கலாம் என்றால் அதிலும் இடர்கள் உள்ளன. சூரியன் பறவைக்குப் பின்னால் இருந்தால் எல்லாம் கறுத்த நிழலுருவங்களே. மாலை வெயிலில் சாம்பல் நிறமும் செம்பழுப்பாகும். மஞ்சள் கால்மீது கருஞ்சேறு காய்ந்திருந்தால் அது கருங்கால் ஆகிவிடும்.

மேலும் பறவைகளுக்கு ஆண்டில் இருமுறை உடை மாற்றம் உண்டு. வளைமூக்கு உள்ளான் இனப்பெருக்கக் காலத்தில் செங்கல் நிறம் கொண்டது. நம் நாட்டில் அது கழிக்கும் குளிர்காலத்திலோ சாம்பலும் வெள்ளையுமாய் மாறிவிடுகிறது. செப்டம்பரில் வந்திறங்கும் கூட்டத்தில் அரைகுறைச் சிவப்பு உடையுடன் சில நிற்பதைக் காணலாம். ஏப்ரலில் மறுபடியும் சிவப்பு ஏறும். புத்தகத்திலுள்ள படத்தைப் பார்த்து, "நிறம் ஒத்துவரவில்லை, எனவே இது வேறு பறவை" என்று முடிவு செய்வது சரியாகாது.

வெயில் ஏறிய பின் இன்னொரு தொல்லை. சூடான சேற்றின்மேல் உள்ள காற்றின் அடர்த்தி இடத்துக்கு இடம் மாறுகிறது. அதனால் ஒளிவிலகல் எண்ணும் மாறுகிறது. தார்ச் சாலையில் நண்பகலில் காணும் அலையாட்டம் இங்கும் தோன்றும். நேரான அலகுகூட அதில் நெளிந்து தெரியும். ஆகவே காலை ஒன்பது மணிக்கு முன், சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்று பார்ப்பதே நல்லது.

எது ஏமாற்றாது?

தூரம் மாறினாலும் மாறாத ஒன்று வேண்டும். அதுதான் விகிதம். பறவை இரு மடங்கு தூரம் போனால் அதன் தலையும் பாதியாகத் தெரியும். அலகும் பாதியாகத் தெரியும். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் கிடைக்கும் எண் அப்படியே இருக்கும்.

இயற்பியலில் அலகு என்றால் மீட்டர், கிராம் போன்றவை. பறவை இயலில் அலகு என்றால் மூக்கு. இங்கே இரண்டையும் சேர்த்துவிடுவோம். அலகின் அடியிலிருந்து பின்தலை வரையுள்ள நீளத்தை ஓர் அலகாகக் கொண்டு, பறவையின் அலகு அதில் எத்தனை மடங்கு என்று மனத்தால் அளந்து பாருங்கள். அலகை அப்படியே பின்னோக்கி மடக்கித் தலைமேல் வைத்தால் அதன் நுனி எதுவரை எட்டும் என்று கற்பனை செய்தால் போதும்.

கொசு உள்ளானுக்கு அது பின்தலையை எட்டாது. அலகு தலையைவிடச் சற்றுக் குட்டை. வளைமூக்கு உள்ளானுக்கோ பின்தலையைத் தாண்டிக் கழுத்துக்கு வந்துவிடும். ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. நாற்பது மீட்டரிலும் அதே எண், நூறு மீட்டரிலும் அதே எண்.

ஓர் எச்சரிக்கை. இந்த அளவை, பறவை பக்கவாட்டில் நிற்கும்போது மட்டுமே எடுக்க வேண்டும். அது உங்களை நோக்கி 60 பாகை திரும்பினால் அலகின் நீளம் பாதியாகத் தெரியும். கொசைன் 60 பாகையின் மதிப்பு அரை என்பதை அறிவீர்கள். தலை உருண்டையாக இருப்பதால் அது அந்த அளவுக்குச் சுருங்குவதில்லை. அப்போது விகிதமும் பிழையாகிவிடும். பொறுத்திருங்கள், இரை தேடும் பறவை ஒரு நிமிடத்துக்குள் தானே பக்கம் திரும்பும்.

இனி, எளிதில் குழப்பும் சில கூட்டங்களைப் பார்ப்போம்.

முதல் பிரிவினை: உள்ளானா, உப்புக்கொத்தியா?

உப்புக்கொத்திக்கு உருண்டைத் தலை, பெரிய கண், தலையில் பாதி அளவே உள்ள குட்டை அலகு. இரையைக் கண்ணால் தேடுவது அதன் வழக்கம். ஆகவே கொஞ்சம் ஓடும், சட்டென்று நிற்கும், உற்றுப் பார்க்கும், குனிந்து கொத்தும், மறுபடி ஓடும். வளைமூக்கு உள்ளான் போன்றவை சேற்றுக்குள் அலகை விட்டுத் துழாவித் தேடுகின்றன. ஆகவே நின்று நிதானிக்காமல், தையல் இயந்திரத்தின் ஊசி போலக் குத்திக்கொண்டே நகரும். இந்த நடையை மட்டும் கவனித்தாலே பாதி வேலை முடிந்தது.

அலகு இப்படி இனத்துக்கு இனம் வேறுபடுவதற்குக் காரணமும் இதுவே. குட்டை அலகுக்குச் சேற்றின் மேற்பரப்பிலுள்ள பூச்சியும் புழுவும். நீண்ட அலகுக்கு ஆழத்திலுள்ளவை. ஒரே சேற்றில் பல இனங்கள் அதிகச் சண்டையின்றி உண்ண முடிவது இதனால்தான். ஆகவே அலகைப் பார்த்து இனங்காண்பது வெறும் அடையாளம் பார்ப்பதன்று. அந்தப் பறவையின் பிழைப்பையே பார்ப்பதாகும்.

இரண்டு குட்டி உள்ளான்கள்

கொசு உள்ளானை ஆங்கிலத்தில் லிட்டில் ஸ்டிண்ட் என்பர். இதையே ஒத்த இன்னொரு குட்டி, டெம்மிங்க் ஸ்டிண்ட். கொசு உள்ளானின் கால் கறுப்பு. டெம்மிங்க் உள்ளானின் கால் மஞ்சளோ மஞ்சள் கலந்த பச்சையோ ஆகும். ஆனால் காலில் சேறு இருக்கலாம் என்று பார்த்தோம் அல்லவா? எனவே மார்பையும் பாருங்கள். கொசு உள்ளானுக்கு மார்பின் நடுப்பகுதி வெள்ளை. டெம்மிங்க் உள்ளானுக்குச் சாம்பல் நிற மேலாடை கழுத்துவரை போர்த்தியதுபோல் மார்பு முழுதும் மங்கல். நடத்தையும் வேறு. முன்னது திறந்த சேற்றில் கூட்டமாக ஓடியாடும். பின்னது நன்னீர்க் குட்டையின் ஓரத்தில், புல்லை ஒட்டி, கால்களை மடக்கி எலியைப் போல ஊர்ந்து செல்லும்.

உள்ளூர் ஏரியின் மூவர்

கோடியக்கரைக்குப் போக முடியாதவர்களுக்கு உள்ளூர் ஏரியிலேயே ஒரு நல்ல பயிற்சி உண்டு. சாதா உள்ளான், பொரி உள்ளான், பச்சை உள்ளான் ஆகிய மூன்றும் அங்கே வரும். ஆங்கிலத்தில் முறையே காமன், வுட், கிரீன் சாண்ட்பைப்பர்.

சாதா உள்ளான் பெரும்பாலும் தனியே இருக்கும். மதகின் கல்லிலோ கரையிலோ நின்று வாலை ஓயாமல் மேலும் கீழும் ஆட்டும். மார்பின் பக்கத்துக்கும் மடக்கிய இறக்கைக்கும் இடையே வெள்ளை நிறம் ஓர் ஆப்புப் போல மேலேறி நிற்பது இதன் முத்திரை. பறக்கும்போது இறக்கையை விறைப்பாக வைத்துச் சிறு சிறு வீச்சுகளால் நீர்ப்பரப்பை ஒட்டியே செல்லும்.

பொரி உள்ளானின் முதுகில் பழுப்புத் துணிமேல் பொரியை இறைத்தது போல வெள்ளைப் புள்ளிகள். கண்ணுக்கு மேலுள்ள வெள்ளைப் புருவம் கண்ணைத் தாண்டிப் பின்தலை நோக்கி நீளும். கால் மஞ்சள் சாயல் கொண்டது.

பச்சை உள்ளானின் முதுகு பெயருக்கு மாறாகக் கருமையாகவே தெரியும். புள்ளிகள் மிக நுண்ணியவை. வெள்ளைப் புருவம் கண்ணோடு நின்றுவிடும். இவ்விரண்டுக்கும் ஐயம் தீராவிட்டால் அவை பறக்கும் வரை காத்திருங்கள். இரண்டுக்கும் வாலின் அடிப்புறம் வெள்ளைதான். ஆனால் இறக்கையின் உட்புறம் பொரி உள்ளானுக்கு வெளிர் நிறம், பச்சை உள்ளானுக்குக் கறுப்பு. கரும் இறக்கையும் பளிச்சென்ற வெள்ளையும் ஒருசேரத் தெரிந்தால் அது பச்சை உள்ளானே. பொரி உள்ளான் எழும்போது "சிப்-இப்-இப்" என்று கூவும்; அந்தக் குரல் பழகிவிட்டால் கண்ணைவிடக் காது விரைவில் சொல்லிவிடும்.

விகிதம் கைவிடும் இடம்

எல்லாவற்றுக்கும் ஒரே சூத்திரம் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. பச்சைக்காலியும் சதுப்பு உள்ளானும் நீண்ட கால்கள் கொண்டவை. இரண்டுக்கும் கால் பச்சை கலந்த நிறம், அலகு தலையைப் போல ஒன்றரை மடங்கு அளவு. ஆக, நம் விகிதம் இங்கே உதவாது. அப்போது இரண்டாவது விகிதம் ஒன்றை எடுத்துக்கொள்கிறோம்: அலகின் தடிமன். பச்சைக்காலியின் அலகு அடியில் தடித்து, நுனியில் இலேசாக மேல்நோக்கி வளைந்தது. சதுப்பு உள்ளானின் அலகு ஊசி போல மெல்லியது, நேரானது. பச்சைக்காலி பறக்கும்போது "டியூ-டியூ-டியூ" என்று மூன்று முறை உரக்கக் கூவும். ஓர் அடையாளம் கைவிட்டால் அடுத்ததற்குப் போக வேண்டும். ஒன்றை மட்டும் நம்பி முடிவு கட்டக் கூடாது.

பெயர் தவறினால் என்ன குடி முழுகிவிடும்?

இந்தக் கேள்வியை ஒரு மாணவர் அன்று மாலையே கேட்டார். "மொத்த எண்ணிக்கை சரிதானே சார்?" என்றார். ஒரு கற்பனைக் கணக்கால் விடை சொன்னேன். ஓர் ஆண்டில் கொசு உள்ளான் 800, வளைமூக்கு உள்ளான் 200, மொத்தம் 1000. சில ஆண்டுகளுக்குப் பின் முன்னது 900, பின்னது 50, மொத்தம் 950. இரண்டையும் ஒன்றாக எண்ணியவர் "ஐந்து சதவீதம்தான் குறைவு" என்று நிம்மதியடைவார். ஆனால் ஓர் இனம் நான்கில் ஒரு பங்காகிவிட்டது!

இது வெறும் கற்பனைக் கவலையன்று. வளைமூக்கு உள்ளானை 2015-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் ஆபத்தை நெருங்கும் இனங்களின் பட்டியலில் சேர்த்தது. 2024-இல் அதைவிட ஒருபடி மேலே, அழியும் வாய்ப்புள்ள இனம் என்று அறிவித்தது. கொசு உள்ளானின் உலக நிலை அந்த அளவுக்கு மோசமில்லை. இந்த முடிவுகளுக்கு அடிப்படை, பல நாடுகளில் பலர் தனித்தனி இனமாக எண்ணிய எண்ணிக்கைகளே. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் நடந்து வருகிறது. அதில் பங்கு கொள்வோரில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற தன்னார்வலர்கள்.

கோடியக்கரைக்கு இதில் ஒரு தனி இடம் உண்டு. 1967-இல் காட்டுயிர் சரணாலயமாகி, 2002-இல் ராம்சார் ஈரநிலமாகவும் ஏற்கப்பட்ட பகுதி அது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் அங்கே பல ஆண்டுகள் பறவைகளைப் பிடித்து, அளந்து, காலில் எண்ணிட்ட வளையம் பூட்டி விடுவித்து ஆராய்ந்தனர். கரண்டிமூக்கு உள்ளான் அங்கே காணப்பட்டதைப் பற்றிய கட்டுரை அக்கழகத்தின் இதழில் 1985-இல் வெளிவந்தது. ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியில் குஞ்சு பொரிக்கும் அப்பறவை இன்று உலகில் சில நூறு மட்டுமே எஞ்சியுள்ளது. பக்கவாட்டில் பார்த்தால் அது ஒரு கொசு உள்ளான் போலவே இருக்கும். அலகு நுனியின் கரண்டி, முன்புறமிருந்து பார்த்தால்தான் நன்றாகத் தெரியும். "எல்லாம் கொசு உள்ளான்" என்று சொல்லி நகர்ந்துவிடுபவர் எதை இழக்கக்கூடும் என்று பாருங்கள்.

கவனமாக அளந்தவர்களுக்குக் கிடைத்த பரிசு ஒன்றையும் சொல்ல வேண்டும். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் நிலையாக வாழும் ஒரு சிறு உப்புக்கொத்தியை, வடக்கேயிருந்து வலசை வரும் கெண்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு வகையாகவே வெகுகாலம் கருதி வந்தனர். இறகு, அலகு அளவுகளையும் மரபணுவையும் ஒப்பிட்டு, அது தனி இனமே என்று 2023-இல் ஆராய்ச்சியாளர் காட்டினர். அனுமன் உப்புக்கொத்தி என்று அதற்குப் பெயர். நம் கடற்கரையிலேயே, எல்லோர் கண்முன்னும் நின்றுகொண்டிருந்த பறவை அது.

நீங்கள் செய்ய வேண்டியது

அருகிலுள்ள ஏரிக்கு அக்டோபர் முதல் மார்ச் வரை வாரம் ஒரு காலை செல்லுங்கள். ஒரு குறிப்பேடும் பென்சிலும் போதும். பள்ளியில் ஒரு பைனாகுலர் இருந்தால் நான்கு பேர் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். பறவைகளைக் கிளப்பிவிடாத தூரத்தில் நில்லுங்கள். நீண்ட பயணத்துக்குக் கொழுப்புச் சேர்க்கும் அவற்றுக்கு ஒவ்வொரு முறை எழுந்து பறப்பதும் வீண் செலவு.

முதலில் பெயரைத் தேடாதீர்கள். நடை எப்படி? அலகு தலைபோல் எத்தனை மடங்கு? நேரா, வளைவா? தடிப்பா, மெலிவா? கால் நிறம் என்ன, சேறு உண்டா? பறந்தபோது வாலடியில் வெள்ளை தெரிந்ததா? குரல் என்ன? இவற்றை எழுதி, ஒரு கோட்டுப் படமும் வரைந்த பிறகே புத்தகத்தைத் திறவுங்கள். இனம் தெரியாவிட்டால் 'இனம் தெரியாத உள்ளான்' என்றே எழுதுங்கள். சோதனைச் சாலையில் சரியாகப் படிக்காத அளவீட்டை நிரப்பி எழுதுவது எவ்வளவு தவறோ, அவ்வளவு தவறு தெரியாத பறவைக்குப் பெயர் சூட்டுவதும்.

என் குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தை நான் கிழித்துவிடவில்லை. 300 என்ற எண்ணைக் குறுக்கே அடித்து, அதன் கீழே இரண்டு இனங்களையும் இரண்டு வரிகளாகத் திருத்தி எழுதியிருக்கிறேன். கணக்கெடுப்புக்கு அனுப்பியது அந்தத் திருத்திய எண்களைத்தான்.